வெள்ளைப் பூ வந்த வாரம்

குருநாதனிடம் யாராவது காபி வேண்டுமா மோர் வேண்டுமா என்று கேட்டால், "உங்களுக்கு எது சௌகரியமோ அதைக் குடுங்க" என்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சித்தி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் அம்மா இலை போட்டால் அதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டான். இரண்டு சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உருளுவான். அரியலூரில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் தங்கமான பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது என்பது நாற்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

திருச்சி காலேஜில் இன்டர்மீடியட் நன்றாகவே தேறியிருந்தான். மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போட்டான். முதல் வருஷம் இடம் கிடைக்கவில்லை. மறு வருஷத்துக்கும் மனுப் போட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கடைத்தெருவில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் கம்பவுண்டர் வேலை பழகச் சேர்ந்தான். மிக்சர் கலப்பான், களிம்பு குழைப்பான், புண்ணுக்குக் கட்டுப் போடுவான். மார்கழியில் திருச்சியில் கம்பவுண்டர் பரீட்சை நடக்கும். அதுவரை டாக்டரிடம் பழகியிருந்தால்தான் அதற்கு உட்கார முடியும். தேறினால் லைசென்ஸ் கிடைக்கும். எந்த ஆஸ்பத்திரியிலும் உத்தியோகம் பார்க்கலாம். இப்படி ஒரு வழியாகப் பையன் கால் ஊன்றப் போகிறான் என்று இருந்தபோது, பட்டணத்து மெடிக்கல் காலேஜில் இடம் கொடுத்திருக்கிறோம், ஆனி முடிவதற்குள் வந்து சேரவும் என்று கடிதம் வந்துவிட்டது.

இப்போதே போனால் இதுவரை பழகியது வீண், லைசென்ஸ் இல்லை. இருந்து பரீட்சை எழுதினால் லைசென்ஸ் உண்டு, காலேஜுக்கு அடுத்த வருஷம்தான் மறுபடி கேட்க வேண்டும். அடுத்த வருஷம் இடம் தருவார்களா? தரலாம், தராமலும் போகலாம். அதைச் சொல்ல அரியலூரில் ஆள் இல்லை.

வேறு வருஷமாக இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, தேங்காய் உடைத்து ரயிலேற்றி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அது யுத்த வருஷம். சித்திரை மாதத்தில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. வருகிற ரயிலில் எல்லாம் ஜனங்கள் அண்டா குண்டாவோடு வந்து இறங்கினார்கள். அப்படி வந்த ஒரு சொந்தக்காரக் குடும்பத்தைக் கூட்டிவர குருநாதனின் அப்பா அய்யாக்கண்ணு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். செந்துறைப் பக்கம் கடலையும் கம்பும் விளைகிற புன்செய் உள்ளவர். எதற்கும் எளிதில் அசையாத மனுஷர். அன்றைக்கு அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு அசைந்துவிட்டார்.

"மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கத்தையே சுட்டுட்டாங்களாம்டா, குண்டு விழுந்தா கூண்ட ஒடச்சிக்கிட்டு வெளிய வந்துடும்னு" என்று மகனிடம் சொன்னார். "சிங்கத்துக்கே அங்க எடமில்ல. ஒனக்கு என்ன எடம் குடுத்திருக்கான் காலேஜ்காரன்? பேசாம இரு. பரீச்சைய எழுதி லைசென்ஸ வாங்கு. சண்ட முடியட்டும், அப்பறம் போவலாம்."

ஓடிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், காலேஜும் நடக்கிறது என்று குருநாதன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். "திரும்பிப் போனவன் எல்லாம் புத்திசாலியா?" என்று கேட்டார் அய்யாக்கண்ணு.

அம்மா ரத்தினம்மாளுக்குக் குண்டைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் பயம் வேறு. அவள் பிறந்த ஊர் பாடாலூர்ப் பக்கம். அங்கே தங்கசாமி என்று ஒருவன், அவளுக்குத் தம்பி முறை, கம்பவுண்டர் லைசென்ஸ் வாங்கின கையோடு பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"அந்த லைசென்ஸ் காயிதம் கைக்கு வந்துச்சுன்னா பட்டாளத்துக்காரன் வாசல்ல வந்து நிப்பான்" என்றாள் ரத்தினம்மாள். "காலேஜுல படிக்கிற புள்ளைய யாரும் தொட மாட்டான். நீ போயிடுடா கண்ணு."

"யாரும் கட்டாயப்படுத்திப் பட்டாளத்துக்கு இழுக்கறதில்லம்மா."

"தங்கசாமியையும் யாரும் இழுக்கல. சம்பளம் இவ்வளவுன்னு சொன்னாங்க, போயிட்டான். நீ ஒருத்தர் சொன்னா மாட்டேன்னு சொல்ற ஆளா?"

இரண்டு பேரும் சொல்வது நியாயமாகப் பட்டது, அதுதான் வம்பு. அப்பா பேசும்போது லைசென்ஸ்தான் சரி என்று தலையாட்டுவான். அம்மா பேசும்போது காலேஜ்தான் சரி என்று அதே தலையை ஆட்டுவான். தனியாக இருக்கும்போது தலை ஆடாது, வலிக்கும்.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைக் கேட்கலாம் என்றால் அவர் அதைவிட மோசம். நல்ல மனுஷர், கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் அவருடைய யோசனை வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பொறுத்தது. பெஞ்சு காலியாக இருந்தால், "இடம் கெடைச்சு போகாம இருக்கிறவன் முட்டாள், நாளைக்கே கெளம்பு" என்பார். பெஞ்சு நிறைந்திருந்தால், "மார்கழி வரைக்கும் இருந்துட்டுப் போயேன்டா, என்ன குடி முழுகிடப் போவுது?" என்பார். சந்தை நாளில் அவரிடம் யோசனை கேட்கக் கூடாது என்று குருநாதன் தெரிந்துகொண்டான்.

அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. டாக்டர் கைவிரித்த நோயாளிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் பட்டணத்து ரயிலில் ஏற்றிவிடுவது. மாசி மாதத்தில் ஆண்டிமடத்திலிருந்து வீரம்மாள் என்று ஒருத்தி வந்தாள். வயிற்றில் கட்டி; பிள்ளைத்தாய்ச்சி போல வீங்கியிருந்தது. அவளைப் பெஞ்சோடு தூக்கி ரயிலில் படுக்க வைத்து, தலைக்குத் துணியை மடித்து வைத்து, கூடப் போன புருஷனிடம் எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல் என்றெல்லாம் சொல்லி அனுப்பினான். ரயில் போனதும் திரும்பி வந்து களிம்பு குழைத்தான். வீரம்மாள் என்ன ஆனாள் என்று தெரியாது. அவளுக்கு முன்னால் ஏற்றிவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியாது. அதைப் பற்றி டாக்டரிடம் ஒருமுறை கேட்டான். "ஏத்தி விட்டாச்சுல்ல" என்றார் அவர்.

வீட்டில் பேச்சு முற்றிக்கொண்டே போனது. அய்யாக்கண்ணு பாதிச் சோற்றில் எழுந்து போனார். ரத்தினம்மாள் பாத்திரங்களை வைத்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. கடைசியில் இருவருமாக ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள்: சிறுவாச்சூர் அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டுவிடுவது. அவள்தான் அந்த வீட்டுக்குக் குலதெய்வம். அவள் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் போய், அங்கிருந்து சிறுவாச்சூர் போனார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் மூன்று பேரும் முகம் கறுத்துப்போய் இறங்கினார்கள். பூசாரி ஓர் இலையில் வெள்ளைப் பூவும் ஓர் இலையில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட்டார். "நெனச்சுக்குங்க. வெள்ளை வந்தா நெனச்சது நடக்கும். வாய்விட்டுச் சொல்லாதீங்க, நடந்து முடியிற வரைக்கும் என்ன நெனச்சோம்னு ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காதீங்க" என்றார். இது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். சொன்னால் பலிக்காது.

மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கூட்டத்தில் நின்ற ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

அய்யாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரத்தினம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குருநாதனுக்கும் அப்பாடா என்றிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆனால் அது நல்ல மௌனம்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அய்யாக்கண்ணு வெள்ளரிப் பிஞ்சும் மல்லிகைப் பூவும் வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பூ வாங்கிவந்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ. ரத்தினம்மாள் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். பாவம், தோற்றுப்போனார் என்று அவள் நினைத்தாள். பாவம், தோற்றுப்போனாள் என்று அவர் நினைத்தார். தோற்றவர் மனசு நோகக்கூடாது என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அன்பாக இருந்தார்கள்.

ரத்தினம்மாள் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். திருச்சிக்குப் பரீட்சைக்குப் போக எடுக்கிறாள், எவ்வளவு முன்யோசனை என்று அய்யாக்கண்ணு மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அவர் ஆசாரியைக் கூப்பிட்டு மேஜை ஒன்று செய்யச் சொன்னார். பிள்ளை ஊருக்குப் போகிற வருத்தத்தில் மனுஷர் எதையோ செய்துகொண்டிருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

குருநாதனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விஷயம் உறைத்தது. அடுப்படியில் அம்மா கடலை உருண்டை பிடித்துக்கொண்டே, "பட்டணத்துல இத பூட்டி வச்சுத் தின்னுடா, எல்லாத்துக்கும் எடுத்துக் குடுத்துடாத" என்று காதோடு சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனான். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மேசை வருது. மார்கழி வரைக்கும் தெம்பா ஒக்காந்து படி" என்றார். அதற்கும் தலையாட்டினான். ஆட்டி முடித்த பிறகுதான் தவிட்டுத் தொட்டியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

ஒரே பூ. அப்பா நினைத்ததும் நடக்கும் என்கிறது, அம்மா நினைத்ததும் நடக்கும் என்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? அப்பாவிடம் சொன்னால் அம்மன் அம்மாவைக் கைவிட்டாள் என்றாகும். அம்மாவிடம் சொன்னால் அப்பாவைக் கைவிட்டாள் என்றாகும். இரண்டு பேரிடமும் சொன்னால் அந்த மல்லிகைப் பூவுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அன்றோடு முடிவு. இத்தனை நாளில் வீடு இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று திங்களும் செவ்வாயும் போயின. வெள்ளிக்கிழமை ரயிலை விட்டால் காலேஜில் சேர நாள் தாண்டிவிடும். மிக்சரில் தண்ணீர் ஊற்ற மறந்து டாக்டரிடம் திட்டு வாங்கினான்.

புதன்கிழமை டாக்டரிடம் லீவு கேட்டுக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், சிறுவாச்சூருக்குக் கிளம்பினான். இன்னொரு தரம் தனியாகக் கேட்டுவிடலாம் என்றுதான். வெயிலில் போய் நின்றபோது கோயில் கதவு சாத்தியிருந்தது. சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். மற்ற நாளில் அம்மன் மலைக்குப் போய்விடுவாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும் தெரியும். பஸ் ஏறும்போதும் தெரியும் என்று இப்போது தோன்றியது. பதில் கிடைக்காத நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறோமோ என்று நினைத்ததும் அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். கதவு இப்போது திறந்து, பூசாரி வந்து பொட்டலம் போட்டால் என்ன நினைப்பது என்று யோசித்துப் பார்த்தான். அம்மா பயப்படாமல் இருக்க வேண்டுமென்றால் என்று ஆரம்பித்தான். அப்பாவுக்குச் சமாதானமாக இருக்க வேண்டுமென்றால் என்று ஆரம்பித்தான். டாக்டருக்கு ஆள் கிடைத்துவிட்டால் என்று ஆரம்பித்தான். எத்தனை தடவை ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் முன்னால் வந்து நின்றார்கள். அவன் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. சின்ன வயதில் இரண்டு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உருளும்போது வலித்த மாதிரி வயிறு வலித்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வீரம்மாள் ஞாபகம் வந்தது. ரயில் நகரும்போது அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அந்த வயிற்றை அங்கே யார் பார்த்திருப்பார்கள், கையை எங்கே வைத்து அழுத்தியிருப்பார்கள், கட்டி என்ன கட்டி என்று கண்டுபிடித்தார்களா, அறுத்தார்களா? மாசியிலிருந்து இந்தக் கேள்வி அவனுக்குள் கிடந்திருக்கிறது. அதை யாரும் அவனைக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டால் யாருக்கும் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அது அவனுக்கே உரியது. அது போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. குழப்பம் தீர்ந்ததாகவும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

வீட்டில் ஆசாரி மேஜையை இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதன்மேல் ரத்தினம்மாள் தகரப் பெட்டியை வைத்து வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணு எதிரில் நின்று மேஜையின் வழவழப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் அவ்வளவு திருப்தி. குருநாதனுக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

"அப்பா, நீங்க சிறுவாச்சூர்ல என்ன நெனச்சீங்க?"

"டேய், சொல்லக் கூடாது!"

"சொல்லிடுங்க. அம்மா, நீயும் சொல்லிடு. நீங்க நெனச்சது ஒண்ணு, அம்மா நெனச்சது ஒண்ணு. ரெண்டுக்கும் வெள்ளதான் வந்திருக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெட்டியைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்தாள். "அப்ப இது பரீச்சைக்குப் போறதுக்கு இல்லியா?" என்றார். "அப்ப இது சும்மா செஞ்சது இல்லியா?" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அவள் தலையில் அன்றைக்கும் அவர் வாங்கிவந்த பூ இருந்தது.

பிறகு அய்யாக்கண்ணு மகன் பக்கம் திரும்பினார். "நாங்க நெனச்சது இருக்கட்டும். நீயும்தான கண்ண மூடிக்கிட்டு நின்ன. படிக்கப் போறவன் நீ. நீ என்னடா நெனச்ச?"

குருநாதன் கையைப் பிசைந்தான். சொல்ல வெட்கமாக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல."

ரத்தினம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவி" என்றாள். "ஒனக்குத்தான்டா பலிச்சிருக்கு."

"பலிச்சுதான் இருக்கு" என்றார் அய்யாக்கண்ணு. "அஞ்சாறு நாளா வூடு நல்லாத்தான் இருந்துச்சு. அத வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? போவியா, இருப்பியா? வாயத் தொறந்து சொல்லுடா, நாங்க எத்தன நாளைக்கு ஒனக்காக நெனச்சுக்கிட்டே இருக்கறது?"

"நான் போறேன்பா."

சொன்ன பிறகு அவனே பயந்துபோனான். ஏன் என்று அப்பா கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "இங்கேருந்து ரயில்ல ஏத்தி விடுறோம். ஏத்திவிட்டுத் திரும்பி வந்துடறோம். அங்க அவங்கள என்ன செய்யறாங்கன்னு பாக்கணும்."

நினைத்தது நடந்துவிட்டதே என்று ரத்தினம்மாள் சந்தோஷப்பட வேண்டும். அவளோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "குண்டு கிண்டு போட்டுட்டான்னா?" என்றாள். அதுவரை அந்தப் பயம் அவள் மனசில் நுழையவே இல்லை, பட்டாளம் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. பட்டாளம் போனதும் குண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அய்யாக்கண்ணு அவளை அதட்டக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் ஸ்டேஷனுக்கு வந்தார். சந்தை நாள், பெஞ்சு நிறைந்து வாசல்வரை ஆள் நிற்கிறது என்று அவரே சொன்னார். "போடா, போ. இன்னிக்குச் சொல்றேன், போ" என்று முதுகில் தட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்க ஓடினார்.

குருநாதன் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அந்தப் பிளாட்பாரத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறான், உள்ளிருந்து அதைப் பார்க்க வேறு ஊர் போலிருந்தது. செய்வது சரிதானா என்று அப்போதும் தெரியவில்லை. படிப்பு முடிந்து நாற்பத்தெட்டில் இதே இடத்தில் வந்து இறங்கியபோதும், லைசென்ஸை வாங்கிக்கொண்டு மறு வருஷம் போயிருக்கலாமோ என்ற யோசனை அவனுக்கு ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. வீரம்மாளைப் பற்றியும் கடைசிவரை தெரியவில்லை. அவளைத் தேடிப் போய் வேறு எத்தனையோ வயிறுகளைத் தொட்டுப் பார்த்தான், அவ்வளவுதான்.

மணி அடித்தது. அய்யாக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குண்டு வருதுன்னு சங்கு ஊதுனா எங்கயாச்சும் பள்ளத்துல படுத்துக்கடா" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் ரத்தினம்மாள் வாய்விட்டு அழுதாள். அவன் பிறந்ததிலிருந்து, அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனால் அழுதது அதுவே முதல் தடவை. இறங்கிவிடக் கால் தானாக எழுந்தது. வண்டி நகர்ந்தது. குருநாதன் இறங்கவில்லை.